கேள்வித்தாளா, நர்ஸின் கண்ணா, கேமராவா? ஓபியில் ஆட்டிசம் ஸ்க்ரீனிங்

ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். எடை பார்த்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, குழந்தை வீறிட்டு அழுகிறது. வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள். எழுந்து போகிறவர் கதவருகே நின்று, "டாக்டர், கூப்பிட்டா சில நேரம் திரும்ப மாட்டேங்கிறான்" என்கிறார். குழந்தை மருத்துவம் பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கதவருகே வரும் கேள்வி பழக்கமானதுதான். "சரியாயிடும், அடுத்த தடவை பார்ப்போம்" என்ற பதிலும் பழக்கமானதுதான்.

அந்தக் கேள்வி கதவுவரை போவதற்கு முன்பே நாமாகக் கேட்டுவிட என்ன வழி? எல்லாக் குழந்தைகளையும் ஆட்டிசத்துக்காக முதலில் சலித்துப் பார்க்கும் ஸ்க்ரீனிங்கைத் தொடங்கலாம் என்று நினைக்கும் ஒரு கிளினிக்கின் முன்னால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு. போகப் போகத் தெரியும்.

பார்த்தாலே தெரிந்துவிடும் என்கிறவர்கள்

முதல் வழி, புதிதாக எதுவும் செய்யாமல் இருப்பது. குழந்தையைப் பார்ப்போம், பெற்றோர் கவலை சொன்னால் கேட்போம், சந்தேகம் வந்தால் அனுப்புவோம். அனுபவசாலிகள் பலருக்கு இதுவே பிடிக்கும். செலவில்லை, தாள் இல்லை, யாரையும் தேவையில்லாமல் பயமுறுத்துவதும் இல்லை.

இதற்கு நல்ல பதில் 2015-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. 15 முதல் 33 மாதம் வரையுள்ள குழந்தைகளின் பத்து நிமிட வீடியோக்களை ஆட்டிசம் நிபுணர்களிடமே காட்டி, யாரையெல்லாம் ஆட்டிசமா என்று உறுதிசெய்யும் மதிப்பீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள். ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் 39 சதவீதத்தினரை நிபுணர்கள் விட்டுவிட்டார்கள். திறமை போதாமல் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையும் அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் நடந்துகொள்கிறது. வித்தியாசம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். பத்து முழு நிமிடம் உன்னிப்பாகப் பார்த்த நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால், ஊசி வலியில் அழும் குழந்தையை மூன்று நிமிடம் பார்க்கிற நமக்கு எவ்வளவு தெரிந்துவிடப் போகிறது?

பெற்றோர் சொல்லட்டும் என்று காத்திருப்பதிலும் ஓட்டை இருக்கிறது. முதல் குழந்தை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் இன்னொன்று இல்லை. அப்படியே கவலைப்பட்டுச் சொன்னாலும், "பையன்தானே, மெதுவா பேசுவான்" என்று வாயை அடைப்பதில் பாட்டிக்கும் டாக்டருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் ஸ்க்ரீன் செய்யத்தான் வேண்டுமா என்பதிலேயே உலகம் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 18, 24 மாதங்களில் எல்லோருக்கும் செய்யச் சொல்கிறது. அதே நாட்டின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-ல், யாருக்கும் கவலை எழாத குழந்தைகளிடம் நன்மை தீமையை எடைபோடச் சான்று போதாது என்றது. பிரிட்டன் பொது ஸ்க்ரீனிங்கைப் பரிந்துரைப்பதில்லை. கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம், எல்லோருடைய வளர்ச்சியையும் கவனித்துவா, ரிஸ்க் கூடியவர்களை ஸ்க்ரீன் செய் என்று நடுவில் நிற்கிறது. 'சான்று போதாது' என்பதை 'வேண்டாம்' என்று படித்துக்கொண்டவர்கள் நிறைய. போதாது என்றால் போதாது, அவ்வளவுதான்.

இருபது கேள்விகள்

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது எம்-சாட் என்ற, பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள். 2001-ல் வந்தது, இப்போது பயன்படுத்த வேண்டியது 2014-ல் சரிபார்த்து வெளியான திருத்திய வடிவம், எம்-சாட்-ஆர்/எஃப். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உரியது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். காத்திருக்கும் இடத்திலேயே ஐந்து நிமிடத்தில் முடியும். கிளினிக்கில் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. காப்புரிமை உண்டு என்பதால் கேள்விகளை நம் வசதிக்கு வெட்டவோ மாற்றவோ கூடாது.

மதிப்பெண் கணக்கு எளிது: ரிஸ்க்கைக் காட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்று. 0 முதல் 2 வரை குறைந்த ரிஸ்க். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். 3 முதல் 7 வரை வந்தால், கேள்வித்தாளோடு சேர்ந்து வரும் தொடர் நேர்காணலை நடத்த வேண்டும்: எந்தக் கேள்விகளில் குழந்தை தவறியதோ அவற்றை மட்டும் விரிவாக, உதாரணத்தோடு மறுபடி கேட்பது. அதன்பிறகும் இரண்டு அல்லது அதற்கு மேல் நின்றால் அனுப்புவது. பெயரில் 'ஆர்'-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எஃப்' இந்த நேர்காணல்தான். ஓபி நெரிசலில் முதலில் கழன்று விழுவதும் அதுதான். இன்னொன்று: 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளில் 'ஆம்' என்பதுதான் ரிஸ்க், மற்றவற்றில் 'இல்லை'. இதைக் கவனிக்காமல் கூட்டிவைத்த தாள்களை நானே பார்த்திருக்கிறேன்.

நேர்காணல் ஏன் முக்கியம் என்று எண்களே சொல்கின்றன. 2014 ஆய்வில் 16,071 குழந்தைகள். அதில் தாளையும் நேர்காணலையும் தாண்டியும் சந்தேகத்தில் நின்றவர்களில் 47.5 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் இருந்தது. ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதம் அல்லது கவலைக்குரிய விஷயம் என்று எடுத்துக்கொண்டால் 94.6 சதவீதம். அதாவது ஆட்டிசம் இல்லை என்று முடிவான குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு வேறு உதவி தேவைப்பட்டது. 'வீணாகப் பயமுறுத்திவிட்டோம்' என்ற வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

இதே கருவியின் முந்தைய வடிவத்தை அன்றாட நடைமுறையில் விட்டுப் பார்த்தது பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை. 2019-ல் வெளியான அந்த ஆய்வில் 25,999 குழந்தைகள்; அவர்களில் 91 சதவீதத்தினருக்கு ஸ்க்ரீனிங் நடந்தது. பின்னால் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகளில் 38.8 சதவீதத்தினரைத்தான் தாள் முன்கூட்டியே பிடித்திருந்தது. சந்தேகம் என்று வந்தவர்களில் 14.6 சதவீதத்தினருக்கே ஆட்டிசம் இருந்தது. நேர்காணல் தேவைப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட அது நடக்கவில்லை. ஆராய்ச்சிக் குழு துரத்தித் துரத்திச் செய்ததற்கும் கூட்டமான ஓபியில் நடப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவு. பெண் குழந்தைகளிடமும் வருமானம் குறைந்த குடும்பங்களிலும் துல்லியம் இன்னும் குறைந்தது. ஆனாலும் தாளில் பிடிபட்ட ஆட்டிசம் குழந்தைகளுக்கு, தாளைத் தாண்டிப்போனவர்களைவிட ஏழு மாதம் முன்னதாகவே முடிவு தெரிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஸ்க்ரீன் செய்யப்பட்டவர்களிடம் துல்லியமும் கூடியது.

நேர்காணலில் என்னதான் மாறுகிறது? 'வேண்டியதை ஒரு விரலால் சுட்டிக் கேட்பதுண்டா' என்ற கேள்விக்கு ஒரு அப்பா 'ஆம்' என்று எழுதுவார். வேறொரு கேள்விக்காகப் பேச்சுக் கொடுக்கும்போது, "என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப்போய் அது மேல வைப்பான்" என்பார். அது சுட்டுவது ஆகாது. நம் கையை ஒரு கருவியாக எடுத்துக்கொள்வது. அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது: வேண்டும் என்று கேட்பதற்காக இல்லாமல், 'அங்கே பார், விமானம்' என்று காட்டுவதற்காக மட்டும் சுட்டுகிறதா? இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஆட்டிசத்தின் உயிர்நாடி இருக்கிறது. தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எதிர்த்திசையிலும் நடக்கும். 'அன்றாடச் சத்தங்களால் தொந்தரவு அடைகிறதா' என்றதற்கு 'ஆம்' என்றவரிடம் கேட்டால், மிக்ஸி போட்டால் கொஞ்சம் சிணுங்கிவிட்டு விளையாடப் போய்விடும் என்பார்.

நேரமில்லை என்பது எல்லோரும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2014 ஆய்வில் முதல் தாளில் சந்தேகம் வந்தவர்கள் 100-க்கு 7 பேர் அளவில்தான். ஒரு நேர்காணலுக்குப் பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும், 100 குழந்தைகளுக்குச் சேர்த்து ஒரு மணி நேரம் சொச்சம். அன்றே செய்ய வேண்டும் என்பதும் இல்லை, போனிலும் செய்யலாம். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும்.

யாருக்கு எம்-சாட் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றரை வயதுக் குழந்தைக்கு இந்தத் தாளைக் கொடுத்து, 'பாஸ்' என்று அனுப்பிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த வயதுக்கு அது செய்யப்படவே இல்லை. மிகக் குறைமாதத்தில் பிறந்து, நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ சிரமப்படும் குழந்தைகள் அந்தக் காரணங்களாலேயே கேள்விகளில் தவறுவார்கள். அப்புறம், மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் வீடு. அங்கே பிறக்கும் தம்பி தங்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் வருகிறது என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வீட்டுக் குழந்தைக்குத் தாளில் 1 வந்தது, 2 வந்தது என்று நிம்மதியாக இருக்க முடியாது; முதல் வருடத்திலிருந்தே கூர்ந்து பார்க்க வேண்டும்.

நர்ஸின் கண்

மூன்றாவது வழியைப் பற்றி வேண்டிய அளவு யாரும் பேசுவதில்லை. மெல்போர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜோசபின் பார்பரோ குழு உருவாக்கிய சாக்ஸ் முறை அது. பெற்றோரிடம் தாள் கொடுப்பதற்குப் பதிலாக, வழக்கமான குழந்தைநலச் செக்கப்பில் பார்க்கிற நர்ஸுக்கே பயிற்சி கொடுத்துவிடுகிறார்கள். 12, 18, 24 மாதங்களில் அவர் சில குறிப்பிட்ட விஷயங்களைத் தேடுகிறார்: கண்ணைப் பார்க்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, டாட்டா காட்டுகிறதா, சுட்டுகிறதா, பார்த்துச் செய்கிறதா, பாவனை விளையாட்டு இருக்கிறதா.

2022-ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த முடிவுகள் 13,511 குழந்தைகளைப் பற்றியவை. நர்ஸுகள் சந்தேகப்பட்டு மதிப்பீடு செய்யப்பட்டவர்களில் 83 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் இருந்தது. பிலடெல்பியாவின் 14.6-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் இரண்டு வயதுக்குள் பிடிபட்டவர்கள் 62 சதவீதம். 42 மாதத்தில் இன்னொரு தடவை பார்த்தபோது அது 96 ஆக உயர்ந்தது.

முதல் வழியில் நிபுணர்களின் கண்ணே தவறியது என்று சொல்லிவிட்டு, இப்போது நர்ஸின் கண்ணைப் புகழ்கிறேனே? முரண்பாடு போலத் தெரியும். நிபுணர்கள் ஒரு குழந்தையின் பத்து நிமிட வீடியோவைச் சும்மா பார்த்தார்கள். இந்த நர்ஸுகளோ எதைத் தேடுவது என்று தெரிந்து, குழந்தையோடு விளையாடி, அதே குழந்தையை ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். 12 மாதத்தில் டாட்டா காட்டிய குழந்தை 18-ல் அதை விட்டுவிட்டது என்றால் அதைத் தாள் காட்டாது. முன்பு பார்த்தவருக்குத்தான் தெரியும். சில குழந்தைகள் ஒன்றரை வயதை ஒட்டி, பேசிய சொற்களையே இழக்கிறார்கள் என்பது நாம் அறிந்ததுதானே.

விலை என்னவென்றால், ஆள். பயிற்சி வேண்டும், பயிற்சி பெற்ற நர்ஸ் ஆறு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது, குடும்பமும் அதே கிளினிக்குக்குத் திரும்பி வர வேண்டும். காய்ச்சலுக்கு மட்டும் வந்துபோகும் குழந்தைகள்தான் அதிகம் என்றால் இந்த முறை காகிதத்தில்தான் இருக்கும்.

இரண்டாம் கட்ட விளையாட்டுச் சோதனைகள்

ஸ்டாட், ரிட்டா-டி இரண்டும் எல்லோருக்குமான ஸ்க்ரீனிங் கிடையாது. ஏற்கெனவே சந்தேகம் வந்த குழந்தைக்கு. ஸ்டாட்டில் 12 செயல்கள், சுமார் 20 நிமிடம், 24 முதல் 36 மாதம் வரைக்கு. ரிட்டா-டி 9 செயல்களில் பத்து நிமிடத்தில் முடிகிறது, 18 மாதத்திலிருந்தே செய்யலாம். மதிப்பீட்டு மையத்தில் ஆறு மாத வெயிட்டிங் லிஸ்ட் இருந்தால், முதலில் யாரை அனுப்புவது என்று வரிசைப்படுத்த இவை உதவும். பக்கத்திலேயே மதிப்பீடு சீக்கிரம் கிடைக்கிறதென்றால், நடுவில் இன்னொரு படியை ஏன் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேமராவும் அல்காரிதமும்

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். திரையில் குழந்தைகள் விளையாடும் காட்சி ஓட, பார்க்கும் குழந்தையின் கண் எங்கே போகிறது என்று அளக்கும் எர்லிபாயிண்ட் கருவிக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி தந்திருக்கிறது. 475 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2023-ல் ஜாமாவில் வந்தது: ஆட்டிசம் உள்ளவர்களில் 71 சதவீதத்தினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 80.7 சதவீதத்தினரைச் சரியாக 'இல்லை' என்றது. பெற்றோரின் பதில்களையும் வீட்டு வீடியோவையும் வைத்து அல்காரிதம் முடிவு சொல்லும் கேன்வாஸ் டிஎக்ஸ்-க்கு 2021-ல் அனுமதி கிடைத்தது. அதன் சோதனையில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு அது எந்தப் பக்கமும் சொல்லாமல் கைவிரித்தது. (தெரியாதபோது தெரியாது என்று சொல்லும் மெஷின் ஒரு வகையில் நல்லதுதான், மனிதர்கள் அப்படிச் சொல்வது அபூர்வம்.)

இந்தக் கருவிகள் சோதிக்கப்பட்டது, ஏற்கெனவே சந்தேகத்தோடு வந்த குழந்தைகளிடம். இவற்றின் வேலை டாக்டரின் முடிவுக்குத் துணைநிற்பது. எர்லிபாயிண்டை வழியில் போகிற எல்லாக் குழந்தையிடமும் நீட்டினால் என்ன ஆகும்? 1000 குழந்தைகளில் 20 பேருக்கு ஆட்டிசம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 71 சதவீதம் என்றால் 14 பேர் பிடிபடுவார்கள். மீதி 980 பேரில் ஏறத்தாழ 189 பேருக்கும் விளக்கு எரியும். 203 குடும்பங்களை உட்காரவைத்துப் பேசி, அதில் 14 பேருக்கு உண்மை. 80 சதவீதம் துல்லியம் என்ற விளம்பரம் காதுக்கு இனிமையாக இருக்கும். இந்தக் கணக்கை விற்பனையாளர் போட்டுக்காட்ட மாட்டார்.

டியூக் பல்கலைக்கழகத்தின் டேப்லெட் செயலி மட்டும் கொஞ்சம் வேறு ரகம். சாதாரணச் செக்கப்புக்கு வந்த குழந்தைகளிடமே அதைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள்; எம்-சாட்டோடு சேர்த்துப் பயன்படுத்தியபோது துல்லியம் நன்றாகவே கூடியது. அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். இன்று வாங்கிவைக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, எதை எடுப்பது?

ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நிற்கக்கூட நேரமில்லாத ஓபி என்றால்: எம்-சாட்-ஆர்/எஃப், 18 மாதத்திலும் 24 மாதத்திலும். நேர்காணலைச் செய்ய ஆள் யார், எந்தக் கிழமை என்று முடிவு செய்த பிறகே முதல் தாளைக் கொடுங்கள். அதை முடிவு செய்ய முடியாவிட்டால் தொடங்காமல் இருப்பதே மேல் என்பேன். 4 வாங்கிய தாள் ஃபைலில் தூங்குவது, ஸ்க்ரீனிங் நடந்துவிட்டது என்ற நினைப்பை மட்டும் தரும். பெற்றோருக்கு வாசிப்பது சிரமம் என்றால் நர்ஸ் கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசித்துக் காட்டலாம். தானாக விளக்கம் சேர்க்கக் கூடாது.

குடும்பங்கள் முதல் இரண்டு வருடமும் தவறாமல் வருகிற இடம், நிலையான நர்ஸுகள் இருக்கிற இடம் என்றால், சாக்ஸ் போன்ற கவனிப்பு முறைதான் என் தேர்வு. அதற்குரிய பயிற்சியில் போடும் பணம் கேமராவில் போடுவதைவிடப் பிரயோஜனப்படும். எதையுமே செய்ய முடியாத இடத்திலும் ஒரு காரியம் நடக்கும்: 'இவனைப் பற்றி ஏதாவது மனசில் உறுத்துகிறதா' என்று செக்கப்பின் தொடக்கத்திலேயே கேட்பது.

எந்த வழியை எடுத்தாலும் தவிர்க்கக் கூடாத இரண்டு விஷயங்கள். குறைந்த மதிப்பெண் வந்தது, ஆனால் அம்மாவுக்கு உறுத்தல் போகவில்லை என்றால், அம்மா பக்கம் நில்லுங்கள். தாள் தவறவிடும் குழந்தைகள் எத்தனை பேர் என்று மேலே பார்த்தோம். இரண்டாவது, சந்தேகம் வந்த குழந்தைக்கு ஆட்டிசம் என்று முடிவாகும்வரை ஸ்பீச் தெரபியையும் விளையாட்டுப் பயிற்சியையும் நிறுத்திவைக்கத் தேவையில்லை. பேசாத குழந்தைக்குப் பேச்சுக்கு உதவ எந்தப் பெயரும் வேண்டியதில்லை.

பெற்றோரிடம் சொல்லும் விதமும் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டியது. "ஸ்க்ரீனிங்கில் பாசிட்டிவ்" என்றால் அவர்கள் காதில் விழுவது "ஆட்டிசம் இருக்கு" என்றுதான். நான் இப்படிச் சொல்வேன்: "சில விஷயங்கள் இந்த வயசுக்கு இன்னும் வரலை. ஏன்னு பார்க்கணும். அதுக்குள்ள சும்மா இருக்க வேண்டாம், உதவியை ஆரம்பிச்சிடலாம்." ஆட்டிசமா என்று நேராகக் கேட்டால் மழுப்பாமல், "அதுவும் ஒரு வாய்ப்பு, அதைத்தான் பார்க்கப் போறோம்" என்பேன்.

கதவருகே நின்ற அந்த அம்மாவை மறுபடி உட்காரச் சொல்லுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதால் செவித்திறன் பரிசோதனைக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். பிறந்தபோது செய்ததில் பாஸ் என்று இருந்தாலும் சரி. பிறகு ஊசி வலி அடங்கும்வரை காத்திருந்து, ஒரு கேள்வி கேளுங்கள்: "அவனுக்கு ஏதாவது பிடிச்சிருந்தா, அதை உங்களுக்குக் காட்ட வருவானா?"